பாடத்தின் ஓரத்தில் வந்த கேள்வி

ஊரடங்கு நாட்களில் பாலையூற்றில் என் மாணவர்களுக்குப் பாடம் வேலிக்கு மேலால்தான் போனது. ஒரே தாள். வாசித்தவர் ஓரத்தில் கருத்தெழுதி அடுத்த வீட்டுக்குக் கொடுக்கவேண்டும்; கடைசியில் அது என்னிடம் வரும்.

‘கப்பல் துறைமுகத்திலேயே நின்றது’ என்ற வரிக்குப் பக்கத்தில், ‘அதுக்கும் ஊரடங்கோ?’ என்று ஒருவன் கேட்டிருந்தான். சிரித்துவிட்டேன். கீழே, வகுப்பில் வாயே திறக்காத மலர் எழுதியிருந்தாள்: ‘டீச்சர், உங்களுக்குப் பயமில்லையோ?’

‘டீச்சருக்கு என்ன பயம்!’ என்று இன்னொருத்தி பதிலும் போட்டிருந்தாள்.

வெளியே ஆமி ட்ரக் சத்தம். கதவைப் பூட்டி, குசினி அடுப்பு மூலையில் குந்தியிருந்துதான் இதை வாசித்தேன். ‘இல்லை’ என்று எழுதக் கை வரவில்லை. ‘ஓம் பிள்ளை, சரியான பயம்’ என்று எழுதி அனுப்பினேன்.

மறுநாள் தாள் திரும்பியது. என் வரிக்குக் கீழே ஒவ்வொரு கையெழுத்திலும் ‘எனக்கும்’, ‘எனக்கும்’.

இத்தனை நாளும் அவர்களின் வாயைப் பூட்டிவைத்தது, வகுப்பில் நான் ஓயாமல் சொன்ன ‘பயப்படாதேங்கோ’தான்.