தீவுகளுக்குச் சட்டம் குறைத்த கதை

ஓர் ஆட்டத்தின் உலகத்தைக் கழற்றி இன்னோர் ஆட்டத்தின் சட்டங்களுக்குள் பூட்டிக் கொடுக்கிற தொழிலில், சரியாகச் செய்தால் நீங்கள் செய்ததே யாருக்கும் தெரியாது; பிழையாகச் செய்தால் கடை வாசலில் வந்து நிற்பார்கள். இதே தொழிலில் மாரடிப்பவர்கள் இதை வாசித்தால் தலையாட்டுவீர்கள். மற்றவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் இருந்து, ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டி விளையாடும் ஆட்டங்கள் டென்மார்க்கில் ஏராளம். ஒவ்வோர் ஆட்டத்திலும் ஓர் உலகம் இருக்கும். அந்த உலகத்தில் என்ன நடக்கலாம், என்ன நடக்கக்கூடாது என்று சொல்லும் சட்டங்கள் இருக்கும். சிலருக்கு உலகம் பிடிக்கும், சட்டம் பிடிக்காது. அவர்கள் ஹ்விடோவ்ரேயில் நான் வேலை செய்யும் விளையாட்டுக் கடைக்கு வருவார்கள். உலகத்தை அப்படியே வைத்துக்கொண்டு வேறோர் ஆட்டத்தின் சட்டத்துக்கு மாற்றி எழுதிக் கொடுப்பேன்.

அப்பாவின் கேள்வி

அப்பா தேவாலயத்தில் கேட்கிறவர்களிடம் நான் கொம்பியூட்டர் வேலை செய்வதாகச் சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தார். ஒருநாள், உண்மையில் நான் செய்வது என்ன என்று கேட்டார். ஓர் ஆட்டத்தில் போர்வீரனுக்குப் பலம் இவ்வளவு, அறிவு இவ்வளவு என்று எண் இருக்கும். மற்ற ஆட்டத்தில் அந்த எண்களே இருக்காது, அவன் எதற்குப் பயப்படுவான் என்று மட்டும் கேட்பார்கள். ஆகவே இங்கே இருப்பதற்கு அங்கே ஈடாக என்ன என்று பார்த்துப் பார்த்து மாற்றவேண்டும், ஈடு இல்லாததை விட்டுவிடவேண்டும் என்று விளக்கினேன். அப்பா மன்னாரில் கணக்குப் பதிவாளர். இங்கே வந்து ஓய்வு பெறும்வரை ஓர் இறைச்சித் தொழிற்சாலையில் பெட்டி கட்டினார். தேத்தண்ணியை வைத்துவிட்டுச் சொன்னார்:

“எங்களையும் உப்பிடித்தான் மாத்தினவங்கள். என்னத்தை விட்டவங்கள் எண்டு ஆரும் கேக்கேல்லை.”

பேயோடு சிநேகம்

அல்பர்ட்ஸ்லுண்டில் இருந்து ஓர் ஆசிரியை வந்தார். பேய்கள் நிறைந்த ஓர் இருட்டு உலகத்தைத் தன் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி, சிறுவர் ஆட்டம் ஒன்றின் சட்டத்துக்கு மாற்றிக் கேட்டார். அந்தச் சிறுவர் ஆட்டத்தில் எந்தப் பிராணியைக் கண்டாலும் சண்டை பிடிக்கலாம், அல்லது சிநேகமாகலாம். நானும் சட்டப்படி மாற்றிக் கொடுத்தேன். சட்டம் மாறினால் உலகமும் மெல்ல மாறும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த மனுசிக்குத் தெரியாது. அடுத்த கிழமை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்.

“ஒரு பிள்ளையும் பயப்படேல்லை. எல்லாரும் பேயை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகவேணும் எண்டு அழுகினம்.”

ஹென்ரிக்குக்காக

சிரித்தது அத்தோடு சரி. நேசன் அண்ணையும் அவர் மனைவி ஜெயந்தி அக்காவும் கடைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். நேசன் அண்ணை பஸ் ஓட்டியவர். பதின்ம வயதில் தனியாக இந்த நாட்டுக்கு வந்து, ஓர் இளைஞர் மன்றத்தில் ஹென்ரிக் என்ற டெனிஷ் பொடியனோடு இந்த ஆட்டங்களில் ஒன்றை விளையாடத் தொடங்கினார். டெனிஷ் மொழியையே அந்த மேசையில்தான் படித்தார். அன்று தொடக்கம் ஹென்ரிக் கதை நடத்த, அதே உலகத்தில், அதே வள்ளக்காரனாக விளையாடி வருகிறார். கடலுக்குள் மூழ்கியும் எழும்பியும் வரும் தீவுகள்தான் அந்த உலகம். அதன் சட்டம் சனியன் பிடித்தது. ஒரு வள்ளம் கரை சேரப் பகடையை உருட்டி, நீரோட்டத்தைக் கூட்டி, சரக்கின் பாரத்தைக் கழித்து, காற்றின் அட்டவணை பார்க்கவேண்டும். மேசையில் எல்லாருக்கும் அந்தக் கணக்கை மனத்தாலேயே போட்டுக் கொடுப்பவர் நேசன் அண்ணை.

அவர் அட்டைப்பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு உள்ளே போன நேரத்தில் அக்கா விஷயத்தைச் சொன்னார். மறதி நோய் என்று டொக்டர் சொல்லிவிட்டார். கணக்கு வருவதில்லை. போன தடவை எல்லாரும் இவர் கூட்டி முடிக்கும்வரை காத்திருக்க, இவர் எழும்பிப் போய்க் காருக்குள் இருந்துவிட்டார். வேலையை விட்ட பிறகு அவர் வெளியே போகிற ஒரே இடம் அந்த மேசைதான். அதுவும் நின்றால் ஆள் நின்றுவிடும் என்று அக்காவுக்குப் பயம். சட்டத்தை இலகுவாக்கித் தரவேண்டும், ஆனால் தனக்காகத்தான் மாற்றினார்கள் என்று அவருக்குத் தெரியக்கூடாது என்றார். ஹென்ரிக்கைப் பிடித்துக் கதைத்தேன். தனக்குத்தான் வயது போய்விட்டது, சட்டம் பாரமாக இருக்கிறது என்று மேசையில் சொல்ல அவன் ஒத்துக்கொண்டான். கூட்டல் கழித்தல் இல்லாத, இரண்டு பகடை மட்டும் உருட்டுகிற ஆட்டத்துக்குத் தீவுகளை மாற்றினேன். ஒரு மாதம் கழித்து நேசன் அண்ணை தானே கடைக்கு வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“உது சின்னப்பிள்ளையளின்ரை சட்டம், பிள்ளை. எண்டாலும் ஹென்ரிக்குக்கு இப்ப கணக்கு ஓடுதில்லை, பாவம். அவனுக்காக விளையாடுறன்.”

அவர் போன பிறகு நான் பின்னறைக்குப் போய் அழுதேன்.

நண்டுத் தீவு

பிறகு பகடையும் கைவிட்டது. உருட்டிவிட்டு, எதற்காக உருட்டினேன் என்று கேட்கத் தொடங்கினார். இந்த முறை படச் சீட்டுகளால் விளையாடும் ஓர் ஆட்டத்தின் சட்டத்தை எடுத்தேன். வள்ளம், அலை, விளக்கு என்று படம். எடுத்த படம் எதுவோ அதுதான் நடக்கும். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய ஆட்டத்திலிருந்து சின்ன ஆட்டத்துக்குப் போகும்போது, ஒரே வேலையைச் செய்கிற இரண்டு இடங்களை ஒன்றாக்கிவிடுவோம். நீங்களும் செய்திருப்பீர்கள். நண்டுத் தீவும் பக்கத்துத் தீவும் ஒரே மாதிரித்தான், இரண்டிலும் நல்ல தண்ணீர் எடுக்கலாம், வேறொன்றும் கிடையாது. வரைபடத்திலிருந்து நண்டுத் தீவை எடுத்துவிட்டேன்.

முதல் ஆட்டத்துக்கு நானும் போயிருந்தேன். அன்று என்ன கிழமை என்று நேசன் அண்ணைக்குத் தெரியவில்லை. என் பெயரும் தெரியவில்லை. வரைபடத்தை ஒருதரம் பார்த்தார், விரலை வெறும் கடலில் வைத்தார், முகம் சிவந்துவிட்டது. எத்தனையோ வருடத்துக்கு முந்தி, கப்பல் உடைந்து தவித்த சனத்தை அவருடைய வள்ளக்காரன் அந்தத் தீவில்தான் கொண்டுபோய்க் குடியிருத்தினானாம். ஹென்ரிக்கே மறந்துபோன கதை. எனக்குப் புத்தகத்தில் இருந்த உலகம்தான் தெரியும், அவர்கள் விளையாடி உண்டாக்கிய உலகம் தெரியாது. அதே இடத்தில் பேனையால் தீவைக் கீறிக் கொடுத்தேன். அதுவரை அவர் விரலை எடுக்கவில்லை, கேட்டதையே கேட்டுக்கொண்டிருந்தார்:

“இதிலை என்ரை சனம் இருக்குது. ஆரைக் கேட்டு எடுத்தனீங்கள்?”

ஓமும் இல்லையும்

வீட்டில் வைத்துப் பார்க்க ஏலாமல் போனபோது நேசன் அண்ணையைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார்கள். அங்கே போய்க் கொஞ்ச நாளில் டெனிஷ் போய்விட்டது. பின்னால் படித்த மொழிதான் முதலில் போகுமாம். பராமரிக்கிற பெண் பிள்ளைகள் கேட்பது அவருக்கு விளங்காது, அவர் தமிழில் சொல்வது அவர்களுக்கு விளங்காது. கூட விளையாடிய மற்ற இருவரும் என்ன செய்வதென்று தெரியாமல் ஒவ்வொருவராக வராமல் விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஹென்ரிக் மட்டும் வந்து, சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டுப் போவான்.

கடைசியில் அவனே கடைக்கு வந்தான். இருக்கிறதிலேயே சின்னச் சட்டம் எது என்று கேட்டான். ஒரே ஒரு சட்டம் உள்ள ஓர் ஆட்டம் இருக்கிறது: கதை நடத்துபவர் ஒரு கேள்வி கேட்பார், மற்றவர் ஓம் என்றால் அது நடக்கும், இல்லை என்றால் நடக்காது. தீவுகள் முழுவதையும் அந்த ஒரு சட்டத்துக்குள் வைத்தேன். கேள்விகளைத் தமிழில் எழுதி, அவன் வாசிக்கிறதுக்காக டெனிஷ் எழுத்திலும் போட்டுக் கொடுத்தேன். வள்ளத்தை விடவோ? பாயை இறக்கவோ? கரைக்குப் போவோமோ? மேசையில் தலையைக் குனிந்து, பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல அவன் திரும்பத் திரும்பச் சொல்லிப் பாடமாக்கினான். பிறகு டெனிஷில் சொன்னான்:

“இந்தச் சொற்களை நான் எப்போதோ அவனிடம் கேட்டிருக்கலாம். ஒருநாளும் கேட்கவில்லை.”

கரையில் ஒருத்தி

ஜெயந்தி அக்கா அந்த ஆட்டத்தின் பக்கமே போகாதவர். வேலை வெட்டி இல்லாத ஆம்பிளையளின் விளையாட்டு என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் என் வீட்டுக்கு வந்தார். நேசன் அண்ணைக்குத் தன்னைத் தெரியவில்லை என்றார். சோற்றைக் குழைத்து வாயில் தீத்தப் போனால் யாரோ அந்நியப் பெண் தொடுகிறாள் என்று கையைத் தட்டிவிடுகிறாராம். ஹென்ரிக் வந்து கேள்வி கேட்டால் மட்டும் முகம் மலர்கிறதாம். தனக்கும் அந்தத் தீவுகளில் ஒரு பாத்திரம் எழுதித் தரமுடியுமா என்று கேட்டார். அந்த உலகத்துக்குள் போனாலாவது தன்னைப் பக்கத்தில் விடுவார் என்று நினைத்திருக்கிறார். அரசி, மந்திரக்காரி என்று நிறையப் பேர் இருக்கிறார்கள், யாராக வேண்டும் என்று கேட்டேன். அப்படி ஒருத்தியும் வேண்டாம், வள்ளம் பார்த்துக் கரையில் நிற்கிற ஒரு பெண் போதும் என்றார். எழுத ஒன்றுமே இருக்கவில்லை. ஹென்ரிக்கின் கேள்விகளோடு ஒரு கேள்வியைக் கூட்டிச் சேர்த்தேன், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மூவருமாகப் போனோம். நேசன் அண்ணை யன்னலோரம் கதிரையில் இருந்தார். ஹென்ரிக் எதிரே இருந்து கேள்விகளைத் தொடங்கினான். வள்ளத்தை விடவோ, ஓம்; பாயை ஏற்றவோ, ஓம் என்று எல்லாம் ஒழுங்காகப் போனது. பிறகு அக்காவைக் கையால் காட்டி, தன் உடைந்த தமிழில், கரையில் ஒரு பொம்பிளை நிற்கிறா, ஏத்தவோ என்று கேட்டான். அண்ணை அக்காவை நிமிர்ந்து பார்த்தார். ஓம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல் மட்டும் சொல்லிக்கொண்டிருந்த மனுசன், மரியாதையாக, தெளிவாகக் கதைத்தார்.

“இல்லை. குறை நினைக்காதேங்கோ அம்மா. அந்த இடம் என்ரை மனிசிக்கு வைச்சிருக்கிறன். அவ வருவா.”

ஹென்ரிக்குக்கு ‘இல்லை’ மட்டும்தான் விளங்கியது, என்னைப் பார்த்தான். அக்கா கண்ணைத் துடைத்துவிட்டு, கதிரையை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போடாமல், கொஞ்சம் தள்ளி, சுவரோரமாகப் போட்டு இருந்துகொண்டார்.

“பரவாயில்லை ஐயா. அவ வருமட்டும் நான் இதிலை நிக்கிறன்.”

எவ்வளவு பெரிய உலகத்தையும் ஒரே ஒரு சட்டத்துக்குள் அடக்கிவிடுவேன் என்று கடையில் எனக்கு நல்ல பெயர். மனைவிக்கென்று பிடித்து வைத்த இடத்தை அதே மனைவிக்கு வாங்கிக் கொடுக்க மட்டும் என்னிடம் ஒரு சட்டமும் இல்லை, உங்களில் யாரிடமாவது இருந்தால் கடைக்கு வந்து சொல்லுங்கள்.