கூத்தில் போட்ட அறுகரிசி

என் புருசனைப் பார்த்து இன்னொருத்தி "என் உயிரே" என்று பாட, அதே வரியை நான் திருப்பிப் பாடினேன். ஒரு தடவை இல்லை, மாதக்கணக்காக. இப்படி ஒரு கொடுமை வேறு எந்தப் பெண்சாதிக்கும் வந்திருக்காது. கூத்தில் பிற்பாட்டுக்காரரின் வேலையே அதுதான். ஆடுகிறவர் ஒரு வரி பாடுவார், மேடையோரத்தில் மத்தளக்காரருக்குப் பக்கத்தில் நிற்கிற நாங்கள் அதையே சேர்ந்து திரும்பப் பாட வேண்டும்.

அக்கராயனில் எங்கள் ஊர்க்காரர் பழைய கூத்தொன்றைச் சுருக்கிக் கலைவிழாவுக்குப் போடுவதென்று முடிவெடுத்தார்கள். கதை இதுதான். குளத்துத் தண்ணீருக்காகப் பகைத்த இரண்டு குடும்பம். ஒரு வீட்டு மகனும் மற்ற வீட்டு மகளும் காதலித்து, ஒளித்துக் கல்யாணம் கட்டி, கடைசியில் இரண்டு பேரும் செத்துப்போவார்கள். பிறந்த அன்றே சாதகம் பார்த்துச் சாத்திரி சொன்ன விதி அது. மகனின் தாய் கடைசிவரை சம்மதிக்க மாட்டாள். பிணத்தின் மேல் விழுந்துதான் "மருமகளே" என்று அழுவாள்.

நானும் என் மனுசனும் கட்டினதும் அந்தக் கூத்து மாதிரித்தான், சாவு ஒன்றுதான் குறை. என் அப்பா அம்மா மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்கள். நான் பிறந்தது, படித்தது, களை பிடுங்கினது எல்லாம் இந்த மண்ணில். ஆனாலும் என் மனுசனைப் பெற்ற மாமிக்கு நான் தோட்டத்துச் சனம். அதை நேரே சொல்லக் கூச்சப்பட்டு ஒரு சாத்திரியாரைப் பிடித்தார். "இவளைக் கட்டினால் ஆண் உயிருக்குக் கண்டம்" என்று அவர் சொன்னாராம். எங்கள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பக்கத்தில் ஒரு காக்காய்கூட வரவில்லை. என் அப்பாவும் அம்மாவும் மட்டும் அறுகரிசி போட்டார்கள். அறுகம்புல்லும் பச்சரிசியும் மஞ்சளும் கலந்து பாதம், முழங்கால், தோள், தலை என்று பெரியவர்கள் போட்டு வாழ்த்தினால்தான் எங்கள் பக்கம் கல்யாணம் நிறைவாகும். மாமியின் கையால் அது என் தலையில் விழ வேண்டும் என்பதுதான் இத்தனை வருசமாக என் ஆசை. வேறு நகை நட்டு ஒன்றும் நான் கேட்கவில்லை.

கூத்தில் இளவரசன் என் மனுசன். குரல் அப்படி. இளவரசி யார் என்று நினைக்கிறீர்கள்? மாமியின் தம்பி மகள். எனக்குப் பதிலாக மாமி இவருக்குக் கட்டிவைக்க நினைத்த அதே மச்சாள்! முன்பள்ளி ஆசிரியை. இன்னும் கல்யாணம் ஆகவில்லை. கண்ணுக்கு மை போட்டாள் என்றால் ஆடு மாடும் திரும்பிப் பார்க்கும்.

நான் விடுவேனா? அண்ணாவியாரிடம் போய், அந்தப் பாகத்தை எனக்குத் தாருங்கள் என்று வாய்விட்டே கேட்டேன். அவர்தான் கூத்தைப் பழக்குகிறவர், அவர் சொல்வதுதான் சட்டம்.

"உமக்குக் குரல் இருக்கு பிள்ளை. ஆனால் ஆட்டம் வராது. பிற்பாட்டுக்கு நில்லும்" என்றார். கோயில் வாசலில் வெற்றிலை வைத்து ஒருவருக்குப் பாகத்தைக் கொடுத்தால் பிறகு மாற்றவும் மாட்டார்கள். அவள் வெற்றிலையை வாங்கிக் கண்ணில் ஒற்றினாள்.

பொதுநோக்கு மண்டபத்தில் ஒத்திகை. அவள் ஸ்கூட்டியில் வந்து இறங்குவாள். "அத்தானுக்குத் தொண்டை கட்டியிருக்கு" என்று பிளாஸ்கில் கொத்தமல்லித் தண்ணி கொண்டுவருவாள். மறுநாள் நான் அதைவிடப் பெரிய பிளாஸ்கில் கொண்டுபோனேன். அந்த மனுசன் இரண்டையும் குடித்தார்! என்னை "அக்கா, அக்கா" என்று அவள் கூப்பிடுவதில் ஒரு கள்ளமும் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். குறை சொல்ல ஒன்று வேண்டாமா?

அண்ணாவியார் ஒருநாள் மத்தளத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "பிள்ளை, இது காதல் பாட்டு. வேலிச் சண்டைக்குப் போற மாதிரிப் பாடாதையும்." எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். அன்றைக்கு வீட்டில் சோறு மட்டும்தான், கறி இல்லை.

விழாவன்று பின்னேரம் பள்ளிக்கூட மைதானம் நிறையச் சனம். முன்வரிசைக் கதிரையில் மாமி, பட்டுச் சேலையோடு. என்னைப் பார்க்கவே இல்லை. நான் மாமியைத் தவிர வேறொன்றையும் பார்க்கவில்லை.

ஒளித்துக் கட்டும் கல்யாணக் காட்சி வந்தது. களரி மேடையில் ஒரு தட்டில் உண்மையான அறுகரிசியே வைத்திருந்தோம். பூசகராக ஆடுகிறவர் தட்டைத் தூக்கப் போகிற நேரம், மாமி எழுந்து மேடைப்படியில் ஏறினார். எங்கள் கூத்தில் அது புதினமில்லை. ஆட்டத்தின் நடுவிலேயே சொந்தக்காரர் ஏறி, தங்கள் ஆளுக்குச் சால்வை போர்த்திவிட்டு இறங்குவார்கள். மாமியும் மகனுக்குச் சால்வை போர்த்தினார். இறங்கவில்லை. பூசகரின் தட்டுக்குள் கையை விட்டார்.

முதலில் இளவரசியாக நின்ற அந்தப் பெட்டைக்கு. பாதம், முழங்கால், தோள், தலை. அவள் திகைத்துப்போய் நின்றாள். பிறகு மகனுக்கு.

"தாயே சம்மதிச்சிட்டா, இனி என்னத்துக்குச் சாகிறது? மங்களத்தைப் பாடி முடியுங்கோ!" என்று சனத்துக்குள் ஒருவர் கத்தினார். மைதானமே சிரித்தது. அண்ணாவியார் தலையில் கை வைத்தார். அதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. மாமியின் கை தலைக்கு உயர்ந்தபோது என் மனுசன் அப்படியே குனிந்து கொடுத்தார். கண்ணையும் மூடிக்கொண்டார். பக்கத்தில் அவள், கழுத்தில் மாலையோடு.

கோபம் வந்தால் எனக்கு அம்மா வீட்டுப் பேச்சு வந்துவிடும். முன்னால் மைக் இருப்பதையும் மறந்துவிட்டேன்.

"ஏன் மாமி, எனக்கு எப்ப போடப் போறீங்க? நானும் உங்க மருமகதானே?"

மைதானத்தின் கடைசிவரை கேட்டது. சிரிப்பு நின்றது. மத்தளம் நின்றது. கல்யாணமானதிலிருந்து முதல் தடவையாக மாமி என் முகத்தைப் பார்த்தார். கையில் இன்னும் கொஞ்சம் அறுகரிசி இருந்தது. ஒரு கணம், வருகிறார் என்றே நினைத்தேன். சேலைத் தலைப்பைக்கூட இழுத்துச் சரிசெய்தேன்.

"இது கூத்து, பிள்ளை" என்றார். கையிலிருந்ததைத் தட்டில் திரும்பப் போட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார். கதிரையில் இருக்கவுமில்லை, நேரே வாசலுக்கு நடந்தார். மகன் சாகிற காட்சியைப் பார்க்க அவருக்கு மனமில்லை என்று பிறகு யாரோ சொன்னார்கள்.

கூத்தில் தாயை எதிர்த்து ஒரு முழுப்பாட்டுப் பாடுகிற என் மனுசன், என்னைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் அவர் செத்துக் கிடக்க, ஒப்பாரிக்கு நான்தான் பிற்பாட்டு. ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. கிடக்கட்டும் என்று பாடினேன். என்ன உருக்கமான குரல் என்று பாராட்டினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் குசினிக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, தேங்காய் எண்ணெய் தொட்டு முகத்துப் பூச்சைத் துடைக்கத் தொடங்கினார். நான் முன்னால் போய் நின்றேன்.

"மாமி சால்வை போர்த்தினா, சரி. அறுகரிசிக்கு ஏன் குனிஞ்சனீங்கள்?"

"அம்மான்ர கை எட்டேல்லை."

"எட்டாட்டில் விடுறதுதானே! அவளுக்குப் பக்கத்தில மாப்பிளை மாதிரி நிண்டுகொண்டு, கண்ணையும் மூடிக்கொண்டு! நான் அங்க நிக்கிறன் எண்ட நினைப்பாவது இருந்ததோ? எனக்கு ஒரு அரிசி போடாத மனுசி…"

அவர் துணியை மடியில் வைத்தார்.

"உனக்குப் போடேல்லை, உனக்குப் போடேல்லை எண்டு நெடுகச் சொல்லுறாய். எங்கட கலியாணத்துக்கு எனக்கும்தானே அவா போடேல்லை."

சொல்லிவிட்டுத் திரும்பவும் முகத்தைத் துடைத்தார். தலைமயிருக்குள் மஞ்சள் அரிசி அங்கங்கே ஒட்டிக்கொண்டிருந்தது. அதை மட்டும் அவர் தட்டிவிடவில்லை. அந்தப் பெட்டை என்றால் நேரே போய் ஒரு கை பார்த்திருப்பேன். தாய்க்கு ஏங்குகிற மனுசனோடு நான் எப்படிச் சண்டை பிடிக்கிறது?