இரண்டாவது கண்ணுக்கு ஐயாயிரம் அடி

என் மனைவிக்கு இரண்டு கண்களிலும் புரை விழுந்திருந்தது. மகளுடைய மருத்துவக் காப்புறுதி ஒரு கண்ணுக்கு மட்டுந்தான் பொறுப்பேற்றது.

மகள் கொழும்பில் ஒரு ஆடைத் தொழிற்சாலையின் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். அவளுடைய காப்புறுதியில் நாங்கள் இருவரும் சேர்க்கப்பட்டிருக்கிறோம். தொலைபேசியில் அவள் விளக்கியதை மூன்று தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். காப்புறுதிக் கம்பனி அடிகளை எண்ணும் கடிகாரம் ஒன்று தரும். அதை நான் கையில் கட்டிக்கொண்டு நாளுக்கு ஐயாயிரம் அடி நடக்க வேண்டும். நூறு நாளில் தொண்ணூறு நாளாவது அப்படி நடந்து காட்டினால், சலுகையாக மற்றக் கண்ணையும் கம்பனியே பார்த்துக்கொள்ளும்.

"ஏங்க, எந்தக் கண்ணுக்கு முதல்ல செய்வாங்க?" என்று மனைவி கேட்டாள்.

"அத டொக்டர் முடிவு பண்ணுவாரு."

"அப்ப மத்தக் கண்ணு?"

"அது என் கால்ல இருக்கு."

"சரிங்க, ஒத்தக் கண்ணோட பழகிக்கிறேன்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. தெஹியோவிட்டப் பக்கத்து மலைத் தோட்டத்தில் முப்பத்து நான்கு வருடம் கிளாக்கராக இருந்தவன் நான். வயது எழுபத்திரண்டு. வாசலிலிருந்து பிரதான பாதைக்கு நூற்றெண்பத்தொன்பது அடி, பஸ் நிற்கும் இடத்துக்கு எண்ணூற்று நான்கு. யாரும் கேட்காவிட்டாலும் எனக்குத் தெரியும். ஐயாயிரம் அடி எனக்கு ஒரு பொருட்டா?

முதல் நாள் காற்சட்டை போட்டு, வலது பையில் இறப்பர் விதைகள் அறுபது போட்டுக்கொண்டு புறப்பட்டேன். நூறு அடிக்கு ஒரு விதை இடது பைக்குப் போகும். அது என் கணக்கு முறை. இறப்பர் மலை வரை போய், கோயிலைச் சுற்றி, வீட்டுக்கு வந்தபோது இடது பையில் ஐம்பத்திரண்டு விதைகளும் மனதில் பன்னிரண்டு அடியும் இருந்தன. ஐயாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு. கடிகாரத்தைப் பார்த்தேன். எழுநூற்று நாற்பத்து மூன்று.

விதைகளைத் தரையில் கொட்டி மறுபடியும் எண்ணினேன். விதைகள் சரி. ஆறு நாள் இப்படியே பிடிவாதமாக நடந்தேன். கடிகாரமும் ஆறு நாளும் பிடிவாதமாகவே இருந்தது. ஏழாம் நாள் காலையில் கம்பனிக்குப் போன் போட்டேன். எடுத்த பெண் சிங்களத்தில் பேசினாள். நானும் சிங்களத்திலேயே முறையிட்டேன்.

"அங்கள், நடக்கும்போது கை எங்கே இருக்கும்?"

"என் உடம்பில்தான்."

"இல்லை அங்கள், கை ஆடுமா?"

"கை ஏன் ஆட வேண்டும்? நடப்பது கால்."

"கடிகாரம் கையில்தானே இருக்கிறது, அங்கள்."

நான் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பவன். தோட்டத்தில் கைவீசி நடப்பவர்கள் வேலைக்குப் போகிறவர்கள். வேலையைப் பார்க்கப் போகிறவர்கள் கையைப் பின்னால் கட்டியிருப்பார்கள். தோட்டத்து நிர்வாகியான துரை அப்படி நடந்தார். பெரிய கிளாக்கர் துரையைப் போல நடந்தார். நான் பெரிய கிளாக்கரைப் போல நடந்தேன். கட்டிய கை அசையாததால், கடிகாரத்தின் கண்ணில் நான் எங்கோ உட்கார்ந்திருக்கும் கிழவன்.

அன்று மாலை முதன்முறையாகக் கைகளை வீசிக்கொண்டு பாதையில் இறங்கினேன். பக்கத்து லயத்தின் வரிசை வீடுகளில் ஒன்றில் இருக்கும் அம்மா எதிரே வந்தாள். என் காலத்திலேயே தேயிலைக் கொழுந்து பறித்தவள். ஓய்வு பெற்ற பிறகும் கிலோவுக்கு இவ்வளவு என்ற கூலிக்குப் பறித்துக்கொண்டிருக்கிறாள். நின்று பார்த்தாள்.

"என்னங்கையா, பட்டாளத்துல சேர்ந்துட்டீங்களா?"

விஷயத்தைச் சொன்னேன். ஆறு நாள் வீணாய்ப் போனதையும் சொல்லித் தொலைத்தேன்.

"அப்ப ஆறு நாளும் ஐயாவுக்கு அரைப் பேருதான் விழுந்திருக்கு" என்று சிரித்தாள். குறித்த அளவு கொழுந்து பறிக்காதவளுக்குச் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் அரை நாள் மட்டும் போடுவதை இங்கே அரைப் பேர் என்பார்கள். அந்த அரைப் பேர்களை எழுதிய கை என்னுடையது. அந்தக் கைதான் அப்போது ஆடிக்கொண்டிருந்தது.

"அரைப் பேரும் இல்லம்மா. பேரே இல்ல" என்றேன்.

கைவீசத் தொடங்கியதும் கணக்கு நேராகிவிட்டது. ஆனால் கடிகாரத்தின் நேர்மையில் எனக்கு இன்னொரு சந்தேகம் வந்தது. ஒரு நாள் மனைவிக்குக் கண் தெரியாததால் நான் உட்கார்ந்து ஒரு தேங்காய் துருவினேன். எழுந்தபோது கடிகாரம் முன்னூற்றுப் பன்னிரண்டு அடி கூடுதலாகக் காட்டியது. நடந்தபோது தராததை உட்கார்ந்தபோது தருகிறது!

"நல்லதாப் போச்சு. இனி வீட்டுலயே இருந்து திருவுங்க" என்றாள் மனைவி.

கணக்குப் பார்த்தேன். பதினாறு தேங்காய் துருவினாலும் எட்டு அடி குறையும். ஆனால் நான் மறுத்ததற்கு அதுவல்ல காரணம். வராதவர்களுக்குப் பெயர் விழாமல் முப்பத்து நான்கு வருடம் செக்ரோலைக் காத்தவன், தன் பெயரைத் தானே பொய்யாகப் போட்டுக்கொள்வதா? அன்று ஐயாயிரத்து முன்னூற்றுப் பன்னிரண்டு வரை நடந்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். தேங்காயைக் கழித்துக்கொண்டேன்.

அதன் பிறகும் நாட்கள் போயின. பாதி வழியில் பிடித்த மழை இரண்டு நாளைத் தின்றது. அட்டை கடித்த இடம் பழுத்துக் காய்ச்சல் வந்து ஒரு நாள் கோயில் திண்ணையிலேயே படுத்துவிட்டேன். அன்றைக்கு முந்திய தினம் இரண்டு காலிலும் சேர்த்துப் பதினேழு அட்டைகள். எது குற்றவாளி என்று சொல்ல முடியாது. இன்னொரு நாள் ஒரு சாவு வீட்டில் போயிற்று. காலையிலிருந்து அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கடிகாரம் மணிக்கொரு தடவை கையில் அதிர்ந்து, எழுந்து நட என்று நச்சரிக்கும். பழக்கத்தில் நான் எழுந்துவிடுவேன். பழைய கிளாக்கர் எழுந்தால் பிணம் எடுக்கப் போகிறார்கள் என்று நினைத்து எல்லோரும் எழுந்து நிற்பார்கள். பெண்கள் ஓவென்று அழத் தொடங்குவார்கள். மூன்றாவது தடவை இறந்தவரின் மகன் என் தோளை அழுத்தி உட்கார வைத்தான்.

ஆக, ஆறும் இரண்டும் ஒன்றும் ஒன்றும் பத்து. தவறவிடலாம் என்று கம்பனி அனுமதித்த பத்து நாளும் தீர்ந்துவிட்டன.

இதில் மனைவிக்கு ஒன்றும் தெரியாது. தினமும் மாலையில் "இன்னைக்கு எவ்வளவுங்க?" என்று கேட்பாள். கடிகாரத்தை அவள் கண்ணருகே பிடித்தாலும் அவளுக்கு வெளிச்சம் மட்டுந்தான் தெரியும். அந்தப் பத்து நாளும் நான் சொன்னது பொய். முழு எண்ணைச் சொன்னால் சந்தேகப்படுவாள் என்று ஐயாயிரத்துப் பதினேழு, ஐயாயிரத்து அறுபத்து மூன்று என்று உதிரி போட்டுச் சொன்னேன். உண்மைக் கணக்கு மகளின் போனுக்குப் போகும். அம்மாவிடம் சொல்லாதே என்று அவளிடம் கெஞ்சியிருந்தேன்.

நூறாவது நாள் விடியும்போதே அடைமழை. மண்சரிவு எச்சரிக்கை வந்திருந்ததால் மலைப் பாதைக்குப் போக முடியாது. வீட்டுக்குள்ளேயே நடந்தேன். முன்கதவிலிருந்து அடுப்படிச் சுவர் வரை பதினொரு அடிதான். மதியம் தாண்டியும் ஆயிரத்து முன்னூறு தேறவில்லை, தலை சுற்றியது.

"காத்தாடி மாதிரி சுத்தாதீங்க. எனக்கு நிழல் நிழலா ஆடுது" என்றாள் மனைவி. பிறகு மெதுவாக, "ஒரு நாள் போனாப் போகுதுங்க. அதான் மத்த நாளெல்லாம் நடந்துட்டீங்களே" என்றாள்.

அதைக் கேட்ட பிறகு என்னால் வீட்டுக்குள் நிற்க முடியவில்லை. குடையையும் வழக்கமான விதைகளையும் எடுத்துக்கொண்டு கொழுந்து மடுவத்துக்கு இறங்கினேன். கொழுந்து நிறுக்கும் கொட்டகை அது. தகரக் கூரை, நீளமான சீமெந்துத் தரை. அங்கே இருபத்திரண்டு பெண்கள் நனைந்த சாக்குகளோடு லொறிக்குக் காத்திருந்தார்கள். பாதையில் மரம் விழுந்து லொறி வர நேரமாகுமாம். கடிகாரம் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு என்றது. குடையை மூலையில் வைத்துவிட்டு, ஒருவரையும் பார்க்காமல் கைவீசி நடக்கத் தொடங்கினேன். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு முப்பத்தெட்டு அடி.

"ஐயா என்ன, பெரட்டு நடத்துறீங்களா?" என்றது ஒரு குரல். காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் எடுப்பதைத்தான் பெரட்டு என்போம்.

"சும்மா இருங்கடி. அம்மாவோட கண்ணுக்கு இன்னைக்குத்தான் கடைசி நாளு" என்றாள் பக்கத்து லயத்து அம்மா. "விதைய இங்க குடுங்கையா. நீங்க நடங்க, நாங்க எண்ணுறோம்."

கொடுத்தேன். அவள் தராசுக்குப் பக்கத்தில், அந்தக் காலத்தில் நான் புத்தகத்தோடு நின்ற அதே இடத்தில், போய் உட்கார்ந்தாள். நான் ஒரு நடை முடித்தேன்.

"முப்பத்தாறு" என்றாள்.

"முப்பத்தெட்டும்மா."

"முப்பத்தெட்டுதாங்கையா. தண்ணிக்கு ரெண்டு கழிச்சிருக்கு."

இருபத்திரண்டு பேரும் சிரித்த சத்தத்தில் மழைச் சத்தம் கேட்கவில்லை.

"நான் எங்கம்மா நனைஞ்சேன்? குடையிலதானே வந்தேன்?"

"எங்க கொழுந்தும் சில நாளு காஞ்சுதாங்கையா இருந்துச்சு. நடங்க, நடங்க."

நான் நடந்தேன். மழை நாளில் சாக்குக்கும் ஈரத்துக்கும் இரண்டு கிலோ என்று கழித்தோம். எனக்கு மேலே இருந்தவர்கள் சொன்னதை எழுதினேன். ஆனால் ஊசி முனையளவு குறைந்தாலும் பொறுக்காதவன் என்று பெயரெடுத்த நான், அந்தத் தண்ணீரை ஒரு நாளும் நிறுத்துப் பார்த்ததில்லை. ஒவ்வொரு நடையிலும் இது நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு நடையிலும் அவர்கள் இரண்டு கழித்தார்கள்.

தொண்ணூற்று ஐந்தாவது நடையில், பதினாறாவது அடியில் கடிகாரம் அதிர்ந்தது. ஐயாயிரம். கையைத் தூக்கிக் காட்டினேன்.

"அது அந்தக் கம்பனிக் கணக்கு" என்றாள் அவள், விதைகளை மடியில் மூடிக்கொண்டு. "எங்க கணக்குல இன்னும் நூத்தியெண்பத்தெட்டு இருக்குங்கையா."

மனதுக்குள் பெருக்கிப் பார்த்தேன். சரியாக இருந்தது. கால் வலித்தது. ஆனால் சரியான கணக்கை நான் என்னவென்று மறுப்பது? நூற்றெண்பத்தெட்டையும் நடந்தேன். அவற்றில் அவள் ஒன்றும் கழிக்கவில்லை.

அப்போதுதான் லொறி வந்தது. இப்போதைய வெளிக்கள உத்தியோகத்தர் மின்தராசை மாட்டி, முதல் சாக்கைத் தூக்கி வைத்து, இரண்டு கிலோவைக் கழித்தார்.

"தம்பி, வெறும் சாக்க ஒருக்கா நனைச்சு நிறுத்துப் பாருங்க" என்றேன்.

"ஏன் ஐயா, உங்க காலத்துல நிறுத்துப் பாத்தீங்களா?"

"இல்ல. அதாலதான் சொல்றேன்."

அவர் என்னைப் பார்த்தார், தராசைப் பார்த்தார், நிறுக்கவில்லை. பக்கத்து லயத்து அம்மா விதைகளை என் பையில் போட்டு, குடையைக் கையில் கொடுத்தாள்.

மனைவிக்கு முதலில் வலது கண்ணும், ஒரு மாதம் கழித்து இடது கண்ணும் செய்தார்கள். கடிகாரத்தைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று இருந்தேன். மகள் விடவில்லை. இந்த முறை நூறு நாள் நடந்தால் பல்லுக்குச் சலுகையாம். எனக்கு மேலே நான்கும் கீழே ஐந்தும்தான் மிச்சம்.

போன வாரம் ஒரு மாலை, நாற்காலியில் சாய்ந்திருந்தேன். அவள் அடுப்படியில் இருந்தாள். இடையில் ஒன்பது அடி.

"இன்னைக்கு எவ்வளவுங்க?"

"ஐயாயிரத்து நாப்பத்தொன்னு" என்றேன், பழக்கத்தில்.

"மூவாயிரத்து எட்டுன்னு தெரியுதே?" என்றாள், இருந்த இடத்திலிருந்தே. அகப்பை ஆடாமல் நின்றது. "அப்ப அன்னைக்கெல்லாம் சொன்னது?"

நான் எழுந்து, கடிகாரம் தெரியாமல் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலுக்கு இறங்கினேன்.

"கைய வீசுங்க" என்றாள் பின்னாலிருந்து. "கட்டுனா எண்ணாது."