வேலாயி ராகம் இழுக்கிறாள்

பத்து வயதில் சிலோனிலிருந்து கப்பலேறி வந்த வேலாயி, கோத்தகிரிப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தே வளர்ந்தவள். அதில் பாதிக் காலம் அவள் காதுக்குள் யாராவது பேசிக்கொண்டும் வைதுகொண்டும் இருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத ஆட்கள். மாத்திரை அவர்களை அடக்கியது, ஒரேயடியாக விரட்டவில்லை.

குன்னூர் டாக்டரம்மா எதையும் மறைக்கவில்லை.

"இது ஸ்கிசோஃப்ரினியாங்கற நோய், வேலாயி. இந்தச் சுவர்க்கடிகாரச் சத்தம் கொஞ்ச நேரத்தில எனக்குக் கேக்கவே கேக்காது. தெரிஞ்ச சத்தம்தானேன்னு மூளை ஒதுக்கிடும். உன் மூளை லேசில ஒதுக்காது. உன் மனசுக்குள்ள ஓடற பேச்சைக்கூட வெளிய யாரோ பேசுறதா எடுத்துக்கும்."

"அப்ப என்னைய நானேதான் வையிறேனா? ஊர்ல அதுக்கு வேற ஆளா இல்ல!" என்று சிரித்தாள் வேலாயி.

குரல் வரும்போது வாய்க்குள் ராகம் இழுத்துப் பார்க்கச் சொன்னார் டாக்டரம்மா. சிலருக்குக் குரல் மங்குமாம். வேலாயிக்கு மங்கியது. நிஜச் சத்தம் மங்கவில்லை. அவளுக்கு அது போதும்.

தேயிலை விலை விழுந்து, துரை தோட்டத்தைப் பூட்டிவிட்டுப் போனபின், கூட வேலை பார்த்த பொன்னாயி, வேலாயியையும் லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் சிலரையும் சேர்த்துக்கொண்டு காடேறிய செடிகளில் கொழுந்து பறித்து விற்றாள். அடுப்பெரிந்தது அதில்தான். ஆளில்லாத தோட்டத்தில் காட்டுமாடு தாராளமாக உலவியது. பனிமூட்டத்தில் யார் கத்தினாலும், என்ன ஏதென்று கேட்காமல் சாக்கைப் போட்டுவிட்டு எல்லோரும் மேட்டுக்கு ஓடவேண்டும். அது அவர்கள் வைத்திருந்த முறை.

ஒருநாள் வேலாயி கத்தினாள். எல்லோரும் ஓடினார்கள். மாடும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. சாக்குகள் சரிவில் உருண்டு கொழுந்தெல்லாம் சேறானது. அவசரத்தில் ராகம் இழுத்துப் பார்க்க அவள் மறந்திருந்தாள்.

"நாளையிலருந்து வராதடி. உன் காதை நம்பி நாங்க ஓட முடியாது," என்றாள் பொன்னாயி.

"காதை நம்பாதக்கா, என்னைய நம்பு. ஒரு நாள் குடு. சரியில்லேன்னா நானே போயிடுறேன்."

மறுநாளும் பனி. "ஓடு!" என்று காதருகே ஒரு குரல் அதட்டியது. வேலாயி ராகம் இழுத்தாள். குரல் தேய்ந்தது.

"பொன்னாயிக்கா, இப்ப ஒண்ணு கூப்பிட்டுச்சு. அது என்னோடது. நீங்க பறிங்க," என்று உரக்கச் சொன்னாள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் கீழே சுள்ளி முறிந்தது. பின்னாலேயே ஒரு சீறல். வேலாயி இழுத்தாள். மங்கவில்லை. இன்னும் அழுத்தி இழுத்தாள். சீறல் அப்படியே இருந்தது, இன்னும் கிட்டத்தில்.

"மாடு! ஏறுங்க!"

ஒருத்தியும் யோசிக்கவில்லை. மேட்டில் நின்று மூச்சு வாங்கும்போது, அவர்கள் பறித்துக்கொண்டிருந்த செடி நிரையை மிதித்தபடி கரிய உடம்பொன்று பனிக்குள் கடந்து போனது.

பொன்னாயி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கும் வா. ஆனா அந்த ராகம் சகிக்கலடி. வேற ஏதாச்சும் இழு."

"என் காதுக்குள்ள இருக்கவங்களுக்கும் சகிக்கலக்கா. அதனாலதான் ஓடுறாங்க," என்றபடி வேலாயி சாக்கை எடுக்க இறங்கினாள்.