பட்டம் இழுத்த பலகையில் ஒரு மெர்சிங் பயணம்

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த மறு ஆண்டு, மார்ச் மாதத்தில், நானும் என் மனைவியின் தம்பி வடிவேலுவும் மெர்சிங்குக்கு அப்பால் உள்ள ஒரு தீவில் நான்கு நாள் தங்கி வந்தோம். போன காரியத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். பட்டத்தை ஏற்றிவிட்டு, அது இழுக்கிற இழுப்பில் பலகைமேல் படுத்துக் கடலில் போவதற்கு. இப்போது மலாக்காவில் எங்கள் காஜா பேராங் பகுதியில் இன்னும் நாலைந்து பேர் கிளம்பியிருக்கிறார்கள். அவர்கள் கை கால் முழுசாகத் திரும்பி வரட்டும் என்றுதான் எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருக்கும். காற்றைப் பற்றிச் சொல்வதில் இருக்காது.

ஆரம்பம் எங்கள் ஊரை அடுத்த கிளேபாங் கடற்கரை. லாரிக்குக் கித்தான் தைப்பது என் தொழில். சண்டைக்காலத்துப் பாராசூட் துணி கொஞ்சம் கிடைத்தது, ஏழடிப் பட்டம் ஒன்று தைத்தேன். வடிவேலு ஏற்றினான். ஏற்றியது அவன், இழுத்தது அது. மீன் காயவைக்கும் பலகையில் சறுக்கி விழுந்தவன், அந்தப் பலகையோடு இருபது கஜம் சேற்றில் போனான். எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மச்சான், இதையே நல்ல தண்ணியில செஞ்சா எப்படி இருக்கும்?" என்றான். கிளேபாங்கிலோ எங்கு பார்த்தாலும் மீன்பிடிக் கம்பங்கள். மெர்சிங் தீவுகளைப் பவளப்பாறை வளைத்து நிற்கும், உள்ளே தண்ணீர் குளம்போலக் கிடக்கும் என்று என்னிடம் வரும் லாரிக்காரர் ஒருவர் சொன்னார். அவ்வளவுதான், மூட்டை கட்டிவிட்டோம்.

வடிவேலுவுக்குக் குழாய் பழுது பார்ப்பது வேலை, பட்டச் சண்டை உயிர். கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா நூலால் அடுத்தவன் நூலை அறுக்கிற சண்டை. எங்கள் பக்கத்தில், நூல் அறுந்து தோற்றவனுக்குக்கூட மரியாதை உண்டு. கையிலிருந்து நூலை விட்டவனுக்குக் கிடையாது. வடிவேலு விரலில் ரத்தம் கொட்டியபோதும் விட்டதில்லை. அவன் நூலை அறுத்தவனும் இல்லை. பன்னிரண்டு வருஷமாக முயன்று தோற்றவர்களில் நானும் ஒருவன்.

வழி இதுதான். காலை ஆறு மணிக்கு மலாக்காவில் பஸ். மூவார் 28 மைல். அங்கே ஆற்றைக் கடக்கப் படகுத்துறையில் அரை மணி காத்திருக்க வேண்டும். பத்து பஹாட் பக்கம் இன்னோர் ஆறு, இன்னொரு காத்திருப்பு. பிறகு குளுவாங், பிறகு மெர்சிங். மொத்தம் ஏறக்குறைய 150 மைல், நான்கு பஸ், ஆளுக்கு ஐந்து வெள்ளி அறுபது காசு. போய்ச் சேரும்போது மாலை ஐந்தரை. சோற்றுப் பொட்டலம் கொண்டு போகாதீர்கள். அவசரகாலம் இன்னும் முடியவில்லை, காட்டிலுள்ள கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

எங்களிடம் சோறு இல்லை, பாராசூட் துணி இருந்தது. குளுவாங் தாண்டிப் போலீஸ்காரர் ஒருவர் அதைப் பிரித்துப் பார்த்து, "யார் குதிக்கப் போவது?" என்று மலாயில் கேட்டார். வடிவேலு என் பின்னால் நகர்ந்துகொண்டான். "இவன்தான் என்சே, ஆனால் கீழேயிருந்து மேலே குதிப்பான்" என்றேன் பணிவாக. சிரித்து அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பாக் மாட் என்பவரின் மோட்டார் படகு. தீவுக்கு இரண்டரை மணி நேரம். போக வர, இருவருக்கும் சேர்த்துப் பதினைந்து வெள்ளி. பாக் மாட்டுக்கு என் வயதுதான் இருக்கும். கரையிலிருந்து இருநூறு கஜத்தில் மூங்கில் கம்பம் ஒன்றை ஊன்றிவிட்டுச் சொன்னார்: "இதுவரை இடுப்பளவு தண்ணீர். தாண்டினால் பாறை விளிம்பு, அதற்கு அந்தப் பக்கம் அடி தெரியாது. காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிறது. கம்பம் வருமுன் கையை விட்டுவிடு. பட்டத்தை நான் போய் எடுத்து வருகிறேன்." நூலை உடம்பில் கட்டவே கூடாது, ஒரு முழக் கட்டையில் கட்டி அதைக் கையில் பிடிக்க வேண்டும் என்றார். வடிவேலு எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

முதலில் நான். பட்டம் ஒரு உதறு உதறியதும் பலகை கிளம்பியது. ஐயா, அதை எப்படிச் சொல்ல! மூக்குக்குக் கீழே பச்சை மீனும் நீல மீனும் சிதறி ஓடுகின்றன. வாயைத் திறந்து சிரித்தால் உப்புத் தண்ணீர், மூடினால் சிரிப்பு நிற்கவில்லை. கம்பத்தருகே கட்டையை விட்டுவிட்டு எழுந்து நின்றேன்.

கரையிலிருந்து வடிவேலு கத்தினான்: "என்ன மச்சான், விட்டுட்டீங்க! காஜா பேராங் மானமே போச்சு லா!"

மதியம் அவன் முறை. காற்று ஏறியிருந்தது. காற்றின் போக்குப் பார்க்க என் சண்டைப் பட்டத்தை ஏற்றித் தென்னையில் கட்டியிருந்தேன். மாஞ்சா நூல்தான், பெரிய பட்டத்தின் நூல் போக வேறு நூல் எங்களிடம் ஏது? வடிவேலு அம்புபோலப் போனான். கம்பம் நெருங்கியது. "லெபாஸ்! லெபாஸ்!" விடு, விடு என்று பாக் மாட் தொண்டை கிழியக் கத்தினார். நானும் கத்தினேன். அவன் விடவில்லை. முன்னால் பாறை விளிம்பில் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. பாக் மாட் படகுக்கு ஓடினார். இஞ்சின் இருமியதே தவிரக் கிளம்பவில்லை.

நான் தென்னையிலிருந்து நூலை அவிழ்த்து ஓடவிட்டேன். விரல் எரிந்தது. என் பட்டம் அவன் தலைக்கு மேல் போய், அவன் பட்டத்தையும் தாண்டியது. சட்டென்று பக்கவாட்டில் சாய்த்து, நூல்மேல் நூலைப் போட்டு இழுத்தேன், விட்டேன், இழுத்தேன். அவன் நூல் விறைத்து நின்றதால் மூன்றாவது இழுப்பில் அறுந்தது. ஏழடிப் பட்டம் தூரக் கடலில் போய் விழுந்தது. வடிவேலு கம்பத்துக்கு அப்பால் பத்து முழத்தில், பாறைமேல் முட்டி சிராய்ந்து நின்றான்.

ஒருவழியாக இஞ்சின் கிளம்பி, அவனைப் படகில் கொண்டுவந்து இறக்கியபோது, "யாரு அறுத்தது?" என்றான். நூல் கிழித்த என் விரலைக் காட்டினேன்.

"செல்லாது மச்சான். நான் சண்டைக்கு நிக்கல."

"சரி மாப்ளே, திரும்பப் போய் அந்தப் பாறைமேல நில்லு. அறுந்த நூலுக்கு நான் முடிச்சுப் போட்டுத் தரேன். உங்க அக்காவுக்கு மட்டும் நீயே பதில் எழுதிக் குடுத்துட்டுப் போ."

வடிவேலு சிரிக்கவில்லை. உள்ளங்கையை விரித்துப் பார்த்தான். "விடணும்னுதான் நெனச்சேன் மச்சான். கை திறக்கல" என்றான்.

அதைக் கேட்ட பிறகு எனக்கும் கேலி வரவில்லை. பாக் மாட் போய்ப் பட்டத்தை எடுத்து வந்தார்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். மார்ச்சுக்கு முன் போகாதீர்கள், பருவக்காற்றில் படகு ஓடாது. கித்தான் சப்பாத்து இல்லாமல் பவளப்பாறையில் கால் வைக்காதீர்கள். கடலை நோக்கிக் காற்று அடிக்கும்போது, படகு இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால்தான் இறங்க வேண்டும். மாஞ்சா நூலை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். எங்களைக் காப்பாற்றியது உண்மை, ஆனால் அது தண்ணீரில் காலைச் சுற்றினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். முதல் நாள் பலகையைத் தொடவே தொடாதீர்கள். மணலில் நின்று, பட்டம் பலமாக இழுக்கும்போது கையைத் திறந்து பழகுங்கள்.

மறுநாள் காலை வடிவேலு அதைத்தான் செய்தான். முதல் ஐந்து தடவை கண்ணை இறுக்க மூடிக்கொண்டு விட்டான். ஆறாவது தடவை கண்ணைத் திறந்துகொண்டே விட்டு, பட்டம் ஆடி ஆடிப் போவதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தான். பாக் மாட் பலகையை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.