முன்பல்லுக்குக் கம்பி கட்டிய நான்கு கிழமை

எழுபத்திரண்டு வயதிலும் என் வாயில் இருந்தவை எல்லாம் என் சொந்தப் பற்கள். கொழும்பு வெள்ளவத்தையில் இப்படிச் சொல்லக்கூடிய முதலாளி வேறு யாரும் இருப்பதாக எனக்குத் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆணிப் பெட்டி தூக்கி, பிறகு காலி வீதியில் சொந்தமாக ஹார்ட்வெயார் கடை போட்டேன்.

அந்தப் பற்களில் ஒன்றுக்கு வினை தேங்காயால் வந்தது.

ஆடி வேல் திருவிழாத் தேர் கடை வாசலால் போகும் நாளில் நூற்றியெட்டுத் தேங்காய் அடிப்பது என் வழக்கம். மற்றக் கடைக்காரர்கள் ஆள் வைத்து அடிப்பித்துவிட்டு, பட்டு வேட்டி கசங்காமல் கும்பிட்டுக்கொண்டு நிற்பார்கள். எனக்கு அது பிடிக்காது. எல்லாவற்றையும் நானே, குனிந்து, கிட்ட நின்று அடிப்பேன். இந்த முறை பக்கத்துப் புடவைக்கடைக்காரர் பார்த்துக்கொண்டு நின்றதால் இன்னும் கொஞ்சம் கிட்டப் போனேன். எழுபதாவது தேங்காயோ என்னவோ, சிரட்டைத் துண்டொன்று எகிறி வந்து மேல் முன்பல்லில் அறைந்தது. வாய் நிறைய இரத்தம். மிச்சத்தையும் அடித்து முடித்த பிறகுதான் வாயைக் கழுவினேன். இதை எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் நான் மயங்கி விழுந்ததாக அந்த மனுசன் கதை கட்டித் திரிகிறார்.

கண்ணாடியில் பார்த்தால் பல் முழுசாக இருந்தது. விரல் பட்டால் ஆடியது.

என் மருமகன் பெரிய கம்பனி ஒன்றில் கணக்காளர். இரண்டு பட்டம். சுவரில் ஒரு ஆணி நேராக அடிக்கத் தெரியாது, போன் மட்டும் கையை விட்டு இறங்காது. அவர்தான் என்னை மீன்தொட்டியும் சோபாவும் வைத்த மாடிக் கிளினிக் ஒன்றுக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்த டொக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து, என்னை விட்டுவிட்டு மருமகனிடம் கதைத்தார்.

“வேர் நடுவில முறிஞ்சிருக்கு. கழட்டிப்போட்டு, எலும்பில ஸ்குரூ இறக்கி, புதுப் பல்லு பூட்டுவம்.”

“ஓம் டொக்டர், அதுதான் நல்லது,” என்றார் மருமகன்.

“தம்பி, முறிஞ்சது ஆற்ற பல்லு?” என்று கேட்டேன்.

“உங்கடதான் மாமா.”

“அப்ப அவரை என்னோட கதைக்கச் சொல்லும்.”

டொக்டர் என் பக்கம் திரும்பி, புதுப் பல்லுக்கு ஆயுட்கால உத்தரவாதம் என்றார். தண்ணீர்ப் பம்புகளுக்கு நானும் அதே உத்தரவாதத்தைக் கொடுத்தவன்தான். யாருடைய ஆயுள் என்று இன்றுவரை ஒரு வாடிக்கையாளரும் கேட்டதில்லை. எழும்பி வந்துவிட்டேன்.

அடுத்த நாள் ஒருவருக்கும் சொல்லாமல் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அங்கே ஒரு பல் டொக்டர் அம்மா இருப்பதாக என்னிடம் பெயின்ட் வாங்குகிற ஒருவர் சொல்லியிருந்தார். என் மகளிலும் இளையவர். வேறு கோணத்தில் இன்னொரு எக்ஸ்ரே எடுத்தார். பிறகு குளிரான ஏதோ ஒன்றைப் பல்லில் வைத்தார்.

“குளிருதா ஐயா?”

“குளிரோ? உயிர் போகுது பிள்ளை!”

“அப்ப நல்லம். நரம்பு உயிரோட இருக்கு. கழட்டவோ வெட்டவோ தேவையில்லை. ரெண்டு துண்டும் கிட்டத்தான் நிக்குது. இடத்தில வச்சு, பக்கத்துப் பல்லுகளோட கம்பியால பிடிச்சு விடுவம். மிச்சத்தை உடம்பு பாக்கும். நரம்பு பழுதானா வேருக்குள்ள மருந்து வைக்கலாம். அதுக்கும் வெட்டில்லை.”

“நிச்சயம் சரிவருமோ?”

“நிச்சயம் சொல்ல ஏலாது. சரிவராட்டி பிறகு கழட்டலாம். இப்ப கழட்டினா திருப்பி வைக்க ஏலாதே.”

வியாபாரத்தில் ‘நிச்சயம் சொல்ல ஏலாது’ என்று சொன்ன ஆளை நான் அதுவரை கண்டதில்லை. வாயைத் திறந்தேன்.

விறைக்க ஊசி போட்டு, பல்லை மெல்ல இடத்துக்குத் தள்ளி, மெல்லிய கம்பியைப் பசையால் ஒட்டி, நீல வெளிச்சம் காட்டி இறுக வைத்தார். கண்ணாடியில் பார்த்த எனக்கு அந்தக் கம்பியில் நம்பிக்கை வரவில்லை.

“இதைவிடத் தடிச்ச கம்பி கடையில கிடக்கு. கொண்டு வரவோ?”

“வேண்டாம் ஐயா. பல்லு ஒரு சொட்டு அசைஞ்சாத்தான் வேர் ஆறும். நாலு கிழமை, இருபத்தெட்டு நாள், அதால கடியாதேங்கோ. விரலால ஆட்டிப் பாக்கவே கூடாது.”

பெயின்ட் காய்ந்ததா என்று தொட்டுப் பார்க்காமல் என்னால் ஒரு கதவைத் தாண்ட முடியாது. அப்படிப்பட்டவனுக்கு இந்தக் கட்டளை! குழைத்த பிட்டும் கஞ்சியுமாக நாட்கள் போயின. கை தன்பாட்டில் வாய்க்குப் போகும். மனைவி தட்டிவிடுவாள்.

மூன்றாவது கிழமை தெஹிவளையில் சொந்தக்காரர் வீட்டுக் கலியாணத்துக்குச் சனம் கூடிப் பலகாரம் சுடும் பலகாரச் சூடு. புடவைக்கடைக்காரரும் வந்திருந்தார். சபை நிறைந்த நேரம் பார்த்து ஒரு முறுக்கை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“அண்ணை, சோடாப் போத்தலைப் பல்லால திறந்த ஆள் நீங்கள். ஒரு முறுக்குக்குப் பயமோ?”

சனம் சிரித்தது. மனைவி என் காதில், “இஞ்சருங்கோ, கடிச்சியளெண்டா நான் உங்களோட வீட்டை வரமாட்டன்,” என்றாள்.

சவால் விட்ட ஒருவனையும் நான் சும்மா விட்டதில்லை. முறுக்கை வாங்கினேன். ஒரு கடி கடித்தால் சிரிப்பு நிற்கும், பல்லும் போகும். நாக்கு கம்பியைத் தடவியது. முறுக்கைத் திரும்ப அவர் கையில் வைத்தேன்.

“நீங்களே சாப்பிடுங்கோ. கவனம், உங்கட செட் முறிஞ்சா கம்பி கட்ட ஏலாது.”

மேலும் கீழும் கட்டுப்பல் வைத்திருப்பதை அந்த மனுசன் இருபது வருடமாக மறைத்து வந்தவர். சனம் திரும்பவும் சிரித்தது, இந்தமுறை அவரைப் பார்த்து.

நான்கு கிழமை முடிந்து கம்பியைக் கழற்றிய அன்று மருமகனும் கூட வந்தார். டொக்டர் அம்மா விரலால் அழுத்திப் பார்த்தார். பல் அசையவில்லை. குளிர் வைத்தார். கத்தினேன். எக்ஸ்ரேயில் முறிந்த கோடு அப்படியே தெரிந்தது.

“கோடு போகாது. ஆனா ரெண்டு துண்டும் பிடிச்சு நிக்குது. இனியும் இடைக்கிடை வந்து காட்ட வேணும்,” என்றார் டொக்டர் அம்மா.

“லக் மாமா,” என்றார் மருமகன்.

“லக்கும்தான். ஆனா ஐயா ஒண்டும் செய்யாம இருந்ததுதான் பெரிய விசயம்.”

அதைக் கேட்டு மருமகன் விழுந்து விழுந்து சிரித்தார். வாழ்நாள் முழுக்க நானே செய்தேன், நானே செய்தேன் என்று சொன்ன மாமாவுக்குக் கிடைத்த பாராட்டாம்! வீட்டுக்கு வந்து எல்லோருக்கும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சிரிக்கட்டும். அந்த நான்கு கிழமையும் ஒன்றும் செய்யாமல் இருந்தவன் நான். கையில் போனை எடுக்காமல் அவர் நான்கு மணித்தியாலம் இருந்து காட்டட்டும்.