நாலாயிரம் வரிகளில் விட்டுப்போன போல்ட்

1. எல்லாம் பச்சை

வாலிநோக்கத்துக்குப் பக்கத்தில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஒன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். பாதி வேலை நடந்திருந்தபோது அங்கே பிளானிங் என்ஜினியராகச் சேர்ந்தேன். எனக்கு முன்னால் இருந்தவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அவர் விட்டுப்போன புராஜெக்ட் சாஃப்ட்வேர் ஃபைலில் நாலாயிரம் வரிகள் இருந்தன. ஒரு வரிக்கு ஒரு வேலை. குறித்த நாளுக்குள் முடிகிற வேலை பச்சை, நாளைத் தாண்டுகிற வேலை சிவப்பு.

முதல் நாள் காலை புராஜெக்ட் மேனேஜர் ரகுநாதன் சார் என்னை உட்காரவைத்துத் திரையைக் காட்டினார். சென்னைக்காரர். குரலை உயர்த்திப் பேசமாட்டார்.

"பாருங்க கௌசல்யா, எல்லாம் பச்சை. நீங்க வாரா வாரம் பர்சென்டேஜ் மட்டும் போட்டா போதும்."

எனக்குச் சொந்த ஊர் அபிராமம். வீடு கட்டுகிறவர்கள் ஒரு ஜன்னலுக்காக மூன்று மாதம் காத்திருப்பதைப் பார்த்து வளர்ந்தவள். நாலாயிரம் வேலையும் பச்சையாக ஓடுகிறது என்பதை மனம் ஏற்கவில்லை. 'கடலில் குழாய் இறக்குதல்' என்ற வரியைத் திறந்து, அதற்கு முன்னால் எவையெல்லாம் முடிய வேண்டும் என்று பார்த்தேன். எதையும் இணைத்திருக்கவில்லை. கரையில் என்ன தாமதமானாலும் அந்த வரி அசையாமல் பச்சையாகவே நிற்கும்.

அந்தக் குழாய்தான் ஆலைக்கு உயிர். ஒரு கிலோமீட்டர் நீளம், ஆள் குனிந்து நுழையலாம் என்கிற அகலம். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று கிளம்புவதற்குள் அதைக் கடலுக்கு அடியில் இறக்கியாக வேண்டும். தவறினால் காற்று ஓய்ந்து, மழைக்காலமும் கழிந்து, மறு வருடம்தான். உப்பளங்களுக்குப் பின்னால் இருக்கிற ஊர்களில் பெண்கள் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு நல்ல தண்ணீருக்குப் போவதை, சைட்டுக்கு வரும்போது ஜீப்பிலிருந்து பார்த்திருந்தேன்.

2. சிக்கந்தர் பாய் கேட்டது

மறுநாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனேன். குழாய்த் துண்டுகளைச் சூடாக்கி ஒட்டும் வேலைக்கு ஃபோர்மேன் சிக்கந்தர் பாய். கீழக்கரைக்காரர். கத்தாரில் பத்து வருடம் இதே வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர்.

"எத்தனை பர்சென்ட் முடிஞ்சிருக்கு பாய்?"

"தொண்ணூறுன்னு எழுதிக்கங்க மேடம். போன மாசமும் அதான் சொன்னேன்."

"சரி, அதை விடுங்க. நாளைக்கே குழாயை இறக்கணும்னா உங்களுக்கு என்ன என்ன வேணும்?"

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். இப்படி யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"குழாய் மிதக்காம இருக்கக் கல்லு கட்டணும். கல்லு ரெண்டு பாதியா வந்து கெடக்கு. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு வச்சு போல்ட்டு முடுக்கணும். அந்த போல்ட்ட யாரு தாராக?"

சிவில் பிரிவில் கேட்டேன். மெக்கானிக்கல் வாங்குகிறார்கள் என்றார்கள். மெக்கானிக்கலில் கேட்டால் சிவில் என்றார்கள். உப்புத் தண்ணீரில் துருப்பிடிக்காத தனி ரக போல்ட், ஆயிரக்கணக்கில் வேண்டும். யாரும் ஆர்டர் கொடுக்கவில்லை. நாலாயிரம் வரிகளில் அதற்கு ஒரு வரி கிடையாது.

அந்த வரியை எழுதினேன். சப்ளையர் கேட்ட பத்து வாரத்தைப் போட்டுக் குழாய் இறக்கும் வேலையோடு இணைத்தேன். திரும்பக் கணக்கிடச் சொன்னதும் திரையில் பாதி சிவந்துவிட்டது. குழாய் இறங்கும் நாள் கச்சான் காலத்துக்கு நடுவில் போய் நின்றது.

ரகுநாதன் சாரிடம் காட்டினேன்.

"நாளைக்கு ஹெட் ஆபீஸ் ரிவ்யூ. இப்போதைக்கு அந்த வரியை எடுத்துடுங்க."

எனக்கு இன்னும் வேலை உறுதியாகவில்லை. ஆறு மாதம் சோதனைக் காலம் என்று உத்தரவிலேயே போட்டிருந்தார்கள். இருந்தும் சொன்னேன்.

"எடுத்துட்டா போல்ட் வந்துடாது சார். மூணு மாசம் கழிச்சு இதே சிவப்பு வரும். அப்ப நம்மகிட்ட நாள் இருக்காது."

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது.

"சரி, சிவப்பாவே காட்டுறேன். திட்டு எனக்கு. திங்கட்கிழமைக்குள்ள வழி கண்டுபிடிக்கிறது உங்க வேலை."

3. கடலுக்கு ஒரு காலண்டர்

கிலோமீட்டர் குழாயையும் ஒரே வரியாக எழுதியதுதான் முதல் தப்பு. அதை நான்கு துண்டாகப் பிரித்தேன். ஒவ்வொரு துண்டுக்கும் அதன் முறை வரும்போது கல் கட்டினால் போதும். அப்படியானால் எல்லா போல்ட்டும் ஒன்றாக வர வேண்டியதில்லை. சப்ளையரிடம் கேட்டோம். நான்கு தவணையாக என்றால் முதல் லோடை ஐந்தாவது வாரத்தில் தருவதாக ஒப்புக்கொண்டார்.

அடுத்தது கடல். சாஃப்ட்வேரில் திங்கள் முதல் சனி வரை எட்டு மணி நேர வேலை என்று இருந்தது. கடலுக்கு அது தெரியுமா? குழாயை இழுக்க விசைப்படகு வேண்டும் என்பதால் மண்டபத்துக்குப் போய்ப் படகு உரிமையாளர் முனியசாமி அண்ணனைப் பார்த்தேன்.

"மீன்பிடித் தடைக்காலத்துக்கு முன்னாடி கூப்புட்டா வர ஏலாதும்மா. பொழப்பு இருக்குல்ல. தடை வந்துட்டா ரெண்டு மாசம் படகு சும்மாதான் கெடக்கும். அப்ப வாரேன்."

"கச்சான் எப்பண்ணே எந்திரிக்கும்?"

"தடை பொறந்து ஒரு மாசத்துல. அதுவரைக்கும் காலையில கடல் படுத்துக் கெடக்கும். உச்சிக்கு மேல நம்பாத."

ஆக, தடை தொடங்கியதிலிருந்து ஒரு மாதம், அதுவும் காலை வேளை மட்டும். வெள்ளிக்கிழமை பாயின் ஆட்கள் உச்சிக்கு முன்பே கரையேறி ஜும்மா தொழுகைக்குப் போக வேண்டும், அன்று கடல் வேலை கிடையாது. இதையெல்லாம் வைத்து 'கடல்' என்றே பெயரிட்டு ஒரு காலண்டர் செய்தேன். தடைக்காலத்தில் படகை எடுக்க மீன்வளத் துறை அனுமதிக்கு ஒரு வரி சேர்த்தேன். கணக்கிடச் சொன்னேன். கச்சானுக்கு ஒன்பது நாள் முன்னால் வேலை முடிவதாகக் காட்டியது.

ரகுநாதன் சாருக்குப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். "ஒன்பது நாள்," என்றார், ஏதோ சொத்து கிடைத்ததுபோல.

4. நான்காவது துண்டு

இரண்டு துண்டுகள் சொன்ன நாளில் இறங்கின. மூன்றாவது லோடைப் பிரித்தபோது போல்ட்டெல்லாம் இரண்டு விரற்கடை குட்டை. மாற்றி வர ஆறு நாள். நடுவில் நின்ற மூன்றாவது துண்டைக் கண்டு எல்லாரும் கைபிசைந்தார்கள். நான் ஃபைலைத் திறந்து, போல்ட்டுக்குக் காத்திராத வேலை எது என்று தேடினேன். நான்காவது துண்டு கிடக்க வேண்டிய கடலடியைச் சமப்படுத்துவது அடுத்த வாரத்துக்கு இருந்தது. அதை முன்னுக்கு இழுத்தோம். முக்குளிப்பவர்கள் மறுநாளே இறங்கினார்கள். ஒன்பதில் மூன்று நாள்தான் போயிற்று.

கடைசித் துண்டை இழுத்த காலையில் கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி கிடந்தது. முனியசாமி அண்ணனின் இரண்டு படகும் மெல்ல நகர, உள்ளே காற்று அடைத்திருந்த கறுப்புக் குழாய் கல்லோடு மிதந்து, வளையாமல் பின்னால் போயிற்று. சிக்கந்தர் பாய் பிஸ்மில்லாஹ் சொல்லி வால்வைத் திறந்தார். குழாய்க்குள் தண்ணீர் ஏற ஏற, கரைப்பக்கத்திலிருந்து அது அங்குலம் அங்குலமாக அமிழ்ந்தது. பத்தரை மணிக்குக் கடல் மேல் ஒன்றும் இல்லை. அடியிலிருந்து வந்த முக்குளிப்பவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

"உக்காந்துருச்சு மேடம்," என்றார் பாய். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ரகுநாதன் சார் அங்கேயே நின்று ஹெட் ஆபீஸுக்குப் போன் செய்தார். "கச்சானுக்கு இன்னும் ஆறு நாள் மிச்சம் சார். பிளானிங் கௌசல்யாவோடது." அந்த ஆறு நாள் கழித்துக் கச்சான் அடிக்க ஆரம்பித்தது. மணல் முகத்தில் அறைந்தது. அன்று ஆபீஸில் எல்லாருக்கும் நான்தான் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. எத்தனை சதவீதம் முடிந்தது என்று கேட்டால் ஆட்கள் நம் மனம் கோணாதபடி ஓர் எண்ணைச் சொல்வார்கள். அடுத்த வேலையைத் தொடங்க என்ன இல்லை என்று கேட்டால் உண்மையைச் சொல்வார்கள். கேட்டு வந்த உண்மை எவ்வளவு கசந்தாலும் அன்றைக்கே ஃபைலில் ஏற்றிவிடுங்கள். மிச்சத்தை சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும்.

ஆலை ஓடத் தொடங்கி முதன்முதலாக ஊர்க் குழாயில் தண்ணீர் விட்ட அன்று பாயும் நானும் போயிருந்தோம். வரிசையில் முதலில் நின்ற அம்மா ஒரு கை பிடித்துக் குடித்தார். நாக்கைச் சப்புக்கொட்டி யோசித்தார்.

"சப்புன்னு இருக்கு. உப்பே இல்லையே," என்றார். பிறகு வைத்திருந்த குடத்தைத் திருப்பி, அடியில் பழைய தண்ணீரின் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்ததைப் பார்த்துவிட்டுப் பின்னால் நின்றவர்களிடம் சொன்னார்.

"ஏ, கொடத்த நல்லா வெளக்கிட்டு இங்கன வாங்க. இது வேற தண்ணி."